கோழிக்கல்

எங்கள் பாலத்தின் இரண்டாவது வளைவில், என் மார்பு உயரத்தில், ஒரு செங்கல்லில் கோழியின் கால் தடம் இருக்கிறது. சூளைக்குப் போகும் முன் வெயிலில் காயப்போட்டிருந்த பச்சைக் கல்லின் மேல் ஏதோ ஒரு கோழி நடந்துபோயிருக்கிறது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கல் அறுத்தவர் அதைப் பார்த்துத் திட்டியிருப்பார். திட்டிவிட்டு, போனால் போகட்டும் என்று மற்ற கற்களோடு அடுக்கியிருப்பார். அந்தக் கோழி குழம்பாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அது மிதித்த கல் மட்டும் இன்னும் ரயிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பாலம் என்று நான் சொன்னால் என் கணவர் சிரிப்பார். அது ரயில்வேயின் பாலம். திருவனந்தபுரத்தைத் தாண்டி வடக்கே, வாழையும் மரச்சீனிக் கிழங்கும் வளரும் ஒரு பள்ளத்தில், சின்ன ஓடை ஒன்றின் மேல் ஐந்து செங்கல் வளைவுகளாக நிற்கிறது. மலைப்பக்கத்துப் பெரிய பாலங்களைப் படம் எடுக்கக் கூட்டம் கூடும். இங்கே ஒருவரும் வருவதில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். மீட்டர் கேஜ் காலத்துச் சின்ன வண்டிகளுக்காகக் கட்டியது. இப்போது அதன் மேல் அகலப் பாதை போட்டு, கட்டியவர்கள் நினைத்தே பார்த்திராத கனத்தில் வண்டிகள் போகின்றன.

அந்தப் பாலத்தைச் சோதித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது பதினெட்டு வருடமாக என் வேலை. சோதிப்பது என்றால் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காதால் கேட்பது. ட்ரோன், கேமரா எல்லாம் வந்தாயிற்று. ஆனால் கல்லுக்குப் பின்னால் சாந்து உதிர்ந்துபோயிருக்கிறதா என்று ட்ரோனுக்குத் தெரியாது. நல்ல கல் ணங் என்று பேசும். உள்ளே விட்டுப்போன கல் தொப்பென்று ஒரு சத்தம் போட்டு நிறுத்திக்கொள்ளும். பருப்பில்லாத நிலக்கடலையைச் சொல்வதுபோல அதைப் பொக்கு என்போம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொக்கு இருந்தால் பாலத்துக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் பக்கத்தில் பத்துப் பதினைந்து சேர்ந்தால் வளைவு பலம் இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் காலத்தில் கேட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் கோழிக்கல்லைத் தட்ட வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் இதைச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தாராம். பாலத்திலேயே நன்றாக வெந்த கல் அதுதான். அதன் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, மற்ற கற்களை அதோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டே போவோம்.

போவோம் என்று நான் சொல்வதில் இன்னொருவரும் உண்டு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். வயதில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர், பதவியில் கீழே. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நான் ஏணியில் ஏறித் தட்டிச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதிவேட்டில் எழுதுவார். முத்துப் போன்ற எழுத்து. இடது முழங்காலில் வலி உண்டு, அதனால் ஏறுவது எப்போதும் நான்தான். மத்தியானம் என் தயிர்சாதத்தின் ஊறுகாயில் பாதி அவருக்கு. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைக் கேட்டு வாங்கியதில்லை, நான் கொடுக்காமல் இருந்ததும் இல்லை.

வளைவைத் தட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டியவர்கள் முதலில் மரத்தில் சென்ட்ரிங் என்கிற வளைந்த சாரம் அடித்து, அதன் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கல் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் மரம் சாய்ந்துவிடும். ஆகவே இந்தப் பக்கம் ஒரு வரி என்றால் அந்தப் பக்கமும் ஒரு வரி. நானும் அப்படியே இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று தட்டிக்கொண்டு உச்சிக்குப் போவேன். ஏணியை நகர்த்தி நகர்த்தி அண்ணாச்சியின் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் அப்படிப் பார்த்தால்தான் கட்டிய கைகள் தெரியும். இரண்டாவது வளைவின் இடது பக்கத்தில் கல் வைத்தவர் பெரிய ஒழுங்குக்காரர். செங்கல்லை ஒரு நுனியில் லேசாகத் தேய்த்து மெலிதாக்கி வைத்திருக்கிறார். சுண்ணாம்புச் சாந்து எங்கும் ஒரே அளவு, ஒரு நூல் கனம். வலது பக்கத்துக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கல்லை வந்தபடியே வைத்து, இடைவெளியைச் சாந்தால் நிரப்பிவிட்டார். உச்சியில் இரண்டு பேரும் சந்தித்தபோது அரை விரல் கணக்குத் தப்பியிருக்கிறது. யாரோ ஒரு கல்லை நீளவாக்கில் செதுக்கி, அந்த இடைவெளியில் இறுக்கி, வளைவை மூடியிருக்கிறார். அதைச் செதுக்கியது ஒழுங்குக்காரர்தான் என்று நான் சொல்வேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். "அவருக்கு ரோஷம் உண்டாயிருக்கும் மேடம், செய்யமாட்டார். மத்தவர்தான் செதுக்கியிருப்பார்" என்பார். இந்த வழக்கு எங்களுக்குள் பல வருடமாகத் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது.

இப்படி இருந்தவர்மேல் எனக்குப் போன வருடம் இரண்டு மனத்தாங்கல்கள் வந்தன.

ஒன்று, அவர் கத்திப் பேச ஆரம்பித்திருந்தார். முன்பெல்லாம் அவர் பேசுவதே தெரியாது. இப்போது ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே என்னிடம் சந்தைக்கடைபோலச் சத்தம் போட்டார். வருடக்கணக்காகப் பழகிவிட்டால் மனிதர்களுக்கு மரியாதை விட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் என் கணவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஏதோ பதில் சொன்னார். நான் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது, அவர் மந்தமாகிவிட்டிருந்தார். வேலை முடிந்ததும், "மேடம் போய் சாயா குடிங்க, நான் ஏணிய எடுத்துட்டு வாரேன்" என்பார். பாலத்தைத் தாண்டி மேட்டில் ஒரு சாயாக்கடை உண்டு. அங்கே உட்கார்ந்து ஒன்று குடித்து, இன்னொன்றும் குடித்து முடித்தாலும் அவர் வரமாட்டார். ஒரு ஏணியைக் கழற்ற முக்கால் மணி நேரம். வரும்போது சட்டை நனைந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவார். "அண்ணாச்சிக்கு வயசாயாச்சு" என்று நான் குத்திக் காட்டுவேன். "ஆயாச்சு மேடம்" என்று அதற்கும் ஒரு கத்தல்.

மழை விட்டபின் ஒரு நாள் வழக்கம்போலப் போனோம். நான் கோழிக்கல்லைத் தட்டினேன். தொப்பென்றது.

மறுபடி தட்டினேன். தொப். இடம் மாற்றித் தட்டினேன். அதே சத்தம். ஒரு கல்தானே என்று யாரும் சொல்லலாம். ஆனால் அது போய்விட்டது என்றால் மழைத் தண்ணீர் உள்ளே அவ்வளவு தூரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு, அது கோழிக்கல்.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி, ரெண்டாவது ஆர்ச், கோழிக்கல்லு பொக்கு. எடுத்துட்டு வேற கல்லு வைக்கணும்" என்றேன்.

அவர் எழுதவில்லை. "கோழி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று கத்தினார்.

"தட்டினது நானாக்கும். எழுதுங்க."

பேனா அசைந்தது. நான் மேலே ஏறிவிட்டேன். அன்று மீதி வேலை முழுவதும் நாங்கள் பாலத்தைத் தவிர வேறெதையும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் அறிக்கை தயார் செய்யப் பதிவேட்டைத் திறந்தேன். கோழிக்கல் அதில் இல்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. மூன்றாவது வளைவில் நான் சொல்லாத ஐந்து கற்கள் பொக்கு என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். எனக்கு ஒவ்வொரு கல்லும் நினைவிருக்கும், அது என் கர்வம். ஒரு வருடமாக ஒவ்வொரு முறையும் நான் சொல்லாதவை இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருந்தன. நான் சொன்ன சில இல்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பதிவேட்டை முன்னால் வைத்தேன். "கையெழுத்துப் போடுறது நானா நீங்களா? நான் சொல்லாத கல்லை எழுத அண்ணாச்சிக்கு யாரு அதிகாரம் தந்தது?"

அவர் பதிவேட்டை மூடிவைத்தார். பிறகு, "மேடம் ஒருக்கா பாலத்துக்கு வாங்க" என்றார். அப்போதும் கத்தித்தான் சொன்னார்.

போனோம். மூன்றாவது வளைவில், தான் எழுதியிருந்த ஐந்து கற்களில் கைக்கு எட்டிய ஒன்றைத் தட்டினார். "இது எப்படி மேடம்?"

மற்ற கற்களைப்போலத்தான் எனக்குக் கேட்டது. "நல்ல கல்லு" என்றேன்.

அவர் சுத்தியலின் கூர்ப்பக்கத்தைச் சந்தில் கொடுத்து லேசாக நெம்பினார். அப்பளம்போலக் கல்லின் முகம் கழன்று அவர் கையில் விழுந்தது. உள்ளேயிருந்து ஈர மணல் அவருடைய முழங்கை வரைக்கும் கொட்டியது.

"போன மாசமே இது இப்படித்தான் மேடம்" என்றார்.

பிறகு இரண்டாவது வளைவுக்கு நடந்தார். கோழிக்கல்லைத் தட்டினார். என்னைப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்.

"அந்தக் கல்லும் இதுவும் எனக்கு ஒண்ணுபோலத்தான் கேக்குது" என்றேன்.

"ஆமா மேடம்" என்றார். "ஒரு வருஷமாச்சு."

இந்த வேலையில் வேறு யாராக இருந்தாலும் காதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நூறு வருடம் நின்ற கல்லைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அதை எடுத்து எறியவும் சொல்லிவிட்டேன்.

"அப்போ ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"எப்படி மேடம் சொல்ல? சொன்னா ஆபீஸ்ல ஒரு கசேரல இருத்திருவாங்க. பாலம் இல்லாம நீங்க என்ன செய்விய?"

அவர் செய்துவந்ததை அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் சாயா குடிக்கப் போனதும் ஏணியை மறுபடி சாத்தி, முதல் வளைவிலிருந்து ஐந்தாவது வளைவு வரை நான் தட்டியதையெல்லாம் இரண்டாம் முறை தட்டியிருக்கிறார். ஐந்தும் அதற்குள் முடியாது என்பதால் மறுநாள் விடுப்புப் போட்டுத் தனியாக வந்தும் தட்டியிருக்கிறார். பஸ் பிடித்து, சுத்தியலைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சாயாக்கடையில் ஒரு ஏணியை இரவல் வாங்கி.

"ஏணிய யாரு பிடிச்சா?" என்று கேட்டேன்.

"கயறு போட்டுக் கெட்டிக்கிட்டேன் மேடம்."

"யாரு பிடிச்சான்னாக்கும் கேட்டேன்."

"யாரும் பிடிக்கல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எளிதில் அழுகிறவள் அல்ல, ஆபீசில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். அன்று வளைவின் கீழே நின்று, மணல் ஒட்டிய அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவர் ஓடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருந்த பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து நான் அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனாள். கீச்சென்ற சத்தங்கள் இரண்டு காதிலும் பெரும்பாலும் போய்விட்டன என்றார் டாக்டர். இளவயதில் இரும்புப் பாலங்களில் ரிவெட் அடிக்கும் இடத்தில் நின்றதைச் சொன்னேன். தலையசைத்து எழுதிக்கொண்டார். திரும்பி வராது, ஆனால் மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும்.

"முடிக்குள்ள மறைஞ்சிரும்" என்றார் என் கணவர். "ரிட்டயர் ஆக நாலு வருஷம். யாருகிட்டயும் சொல்லணும்னு என்ன இருக்கு?" ஆசையாகத்தான் இருந்தது. அண்ணாச்சியும் வாயைத் திறக்கப்போவதில்லை. நான் தட்டுவேன், அவர் எழுதுவார், முன்புபோல எல்லாம் நடக்கும். இரண்டு நாள் இந்த நினைப்பிலேயே சுற்றினேன். மூன்றாம் நாள் ஆபீசுக்குப் போகையில் தம்பானூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். ஸ்டேஷனில் வடக்கே போகும் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது, ஜன்னலோரத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பின்னல் என் கையெழுத்தின் மேல் போகும் என்று தோன்றியது. அந்தக் கையெழுத்தோ ஒரு வருடமாகப் பொய். ஏணியில் தனியாக ஏறிய மனிதரின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அன்றே மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். என் காது கேட்கவில்லை என்பதையும், ஒரு வருடப் பதிவுகளைக் கேட்டது யாருடைய காது என்பதையும் எழுதினேன். என்னைவிட மிகவும் இளையவர் அந்த அதிகாரி. கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வேறொரு குழுவை அனுப்பி ஐந்து வளைவுகளையும் முழுவதுமாகத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அதன் முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொக்கு ஏதாவது விட்டுப்போயிருந்தால் தப்பு என்னுடையது, ஆனால் தண்டனை அண்ணாச்சிக்கும் சேர்த்து வரும்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை. பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் பொக்கு, இல்லாத ஒன்றுகூடப் பொக்கு இல்லை. மூன்றாவது வளைவில் வேலை தொடங்க உத்தரவு வந்தது. கோழிக்கல்லைப் பற்றி அந்தக் குழு எழுதியது ஒரே சொல்தான்: நன்று.

என்னை ஆபீஸ் நாற்காலியில் இருத்தத்தான் போகிறார்கள் என்று இருந்தேன். அதிகாரி வேறொன்று செய்தார். இனிமேல் தட்டிக் கேட்பது அண்ணாச்சி, பார்த்து எழுதி முடிவு சொல்வது நான். பதிவேட்டில் என் கையெழுத்துக்கு மேலே, தட்டிப் பார்த்தவர் என்று புதிதாக ஒரு இடம். சொல்லாமல் செய்ததற்காக அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். வெளியே வந்து, "நல்லா ஏசினாரு மேடம்" என்று சந்தோஷமாகக் கத்தினார் அண்ணாச்சி. அந்தப் புதிய இடத்தில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். முத்துப் போன்ற எழுத்துக்காரர், அன்று மட்டும் எழுத்து கோணிவிட்டது.

மெஷின் வைத்துக்கொண்டு முதல்முறை பாலத்துக்குப் போனது போன மாதம். ஏணியை நான் பிடித்தேன். முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கிக் கொடுத்து, அதைக் கட்டினால்தான் ஏறலாம் என்று சொல்லிவிட்டேன். ஏறும் முன் அவர் கோழிக்கல்லைத் தட்டினார். பழைய சத்தம் இல்லை அது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இருந்தாலும் ணங் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேக்குதா மேடம்?" என்று அண்ணாச்சி கத்தினார். வளைவுக்குள் அது நாலு பக்கமும் மோதி என் மெஷினுக்குள் வந்து விழுந்தது. வாழைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த பசு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏன் இப்படிக் கத்துறிய அண்ணாச்சி? நல்லாக் கேக்குது."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு வருஷமா மேடத்துக்காகக் கத்தி அதே பழக்கமாப் போச்சு. வீட்லயும் இப்படித்தான் வருது. என்ன எதுக்கு இந்த விரட்டு விரட்டுறியன்னு பொண்டாட்டி தெனமும் சண்டை."

"அவங்ககிட்ட காரியத்தச் சொல்லலாம்லா?"

"அதெப்படி மேடம்? அவ பக்கத்து வீட்டுல சொல்லுவா. அப்புறம் ஊருக்கே தெரியும்லா."

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதருக்குத்தான் மரியாதை விட்டுப்போயிற்று என்று ஒரு வருடமாகப் புலம்பியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் ஏணியின் மூன்றாவது படியில் நின்று கீழே பார்த்துச் சிரித்தார். "தோணும்லா மேடம், யாருக்கானாலும் தோணும்" என்றார்.

பிறகு மேலே ஏறினார். இடது பக்கம் ஒரு வரி தட்டினார், இறங்கி, வலது பக்கம் ஒரு வரி தட்டினார். நான் ஏணியை நகர்த்தினேன், என் இடுப்பு ஒடிந்தது. உச்சிக்குப் பக்கத்தில் போனதும், பதினெட்டு வருடத்துக்கு முன் நான் முதலில் கேட்ட அந்தத் தாழ்ந்த குரலில், "பதினொண்ணாவது வரி, நாலாவது கல்லு, நல்லது மேடம்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.